கணுக்காலில் கரையும் திருகு

1

இந்தக் கதை என் இடது உள்ளங்கையில் தொடங்கியது. கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். அது கைக்குள்ளேயே உடைந்துவிட்டது. தையல் போட்ட நர்ஸ், கட்டின் நுனியை மடித்து ஒட்டிக்கொண்டே, "பிரிக்க வர வேணாம், தானா கரைஞ்சிடும்" என்றார்.

நல்ல சேதிதான். ஆனால் படியிறங்கும்போதே கேள்விகள் முளைத்துவிட்டன. கரைந்து எங்கே போகும்? எப்போது கரைய வேண்டும் என்று அந்த நூலுக்கு யார் சொன்னது? தோல் ஒட்டுவதற்கு முன்னாலேயே அது கரைய ஆரம்பித்துவிட்டால்?

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பார்த்துப் பயப்படுகிறேனோ, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன். தேடிப் படித்தேன். இப்படிப்பட்ட பொருள்களைச் செய்கிறவர்களைப் பிடித்துவைத்துக் கேட்டேன். கேட்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

பாலைப் புளிக்க வைக்கும் அமிலம் இருக்கிறதே, அதன் துணுக்குகளை ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்தால் நீளமான சங்கிலி கிடைக்கும். அப்படிப்பட்ட சங்கிலிகள் பின்னிக் கிடப்பதுதான் பாலிமர். அதை நூலாக இழுக்கலாம், தகடாக அழுத்தலாம். எலும்பில் இருக்கும் தாதுவைப் பொடியாகச் சேர்த்துக் கலந்தால், உடைந்த எலும்பைப் பிடித்து நிறுத்தும் திருகாகவே வார்க்கலாம். உடம்புக்குள் இருக்கும் தண்ணீர் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுத்துக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் தண்ணீரும், நாம் வெளியே விடும் மூச்சும்தான். (பொடி எங்கும் போகாது, மெல்ல எலும்போடு எலும்பாகிவிடும்.)

ஒரு திருகை மனுஷன் மூச்சாக வெளியே விடலாம்! இதைப் படித்த அன்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். குப்பை போட வந்தவர், பாவம், பையைக் கையில் பிடித்தபடியே முழுவதையும் கேட்டார்.

2

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில்—'

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் மழைதான் குற்றவாளி. முதல் வரியிலேயே அதைக் கொண்டுவந்து நிறுத்தினால் மீதியை யார் படிப்பார்கள்? (சொல்லிவிட்டேனே. சரி, போகட்டும். எப்படிச் செய்தது என்பதை இன்னும் சொல்லவில்லை.)

'அவளுடைய கைகள் எப்போதும் பொடி படிந்து வெள்ளையாகவே—'

இதுவும் வேண்டாம். கையுறை போட்டுத்தான் வேலை செய்கிறாள். கை எப்படி வெள்ளையாகும்? அழகுக்காக எழுதிய வரி. இதில் ஒரு தகவல் பிசகினாலும் யாருடைய காலோ ஒடிந்துவிடும் என்ற பயத்தோடுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது தொடக்கம் ஒரு குரல். இதை வைத்துக்கொள்கிறேன்:

"அடியே மாவுக்காரி! எனக்கு உன் கையால செஞ்ச திருகுதான் போடணும். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

3

பேசியவர் பஸ் ஓட்டுகிற பெண். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறார். டிப்போவில் வண்டியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் கால் பிசகி, வலது கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. "காலம்பூரா ஏறி இறங்குன படி. அதுக்குத் திடீர்னு என் மேல என்ன கோவமோ" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுகிறார்.

கேட்டுக்கொண்டு நிற்பவள் அவருடைய தம்பி மனைவி. வேதியியல் படித்தவள். கரையும் திருகுகளைச் செய்கிற ஒரு கம்பெனியில், பாலிமரையும் தாதுப் பொடியையும் கலக்கும் பிரிவு அவள் பொறுப்பில் இருக்கிறது. கல்யாணமான புதிதில் நாத்தனார், "நீ என்னம்மா வேலை பாக்குற?" என்று கேட்கப்போய், அவள் அரை மணி நேரம் விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாத்தனார், "அதாவது, மாவு பிசையுற" என்று முடித்துவைத்தார். அன்றிலிருந்து மாவுக்காரி. கோபம் இல்லாத நாளில் புருஷனும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

அந்த மாவுக்கு ஒரே எதிரி தண்ணீர். உடம்புக்குள் போய் மாதக்கணக்கில் மெல்ல அறுக்க வேண்டிய அதே தண்ணீர், கலக்கும்போதே உள்ளே இருந்தால், உருக்குகிற சூட்டில் நிமிஷத்தில் அறுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. திருகு திருகாகத்தான் இருக்கும். ஆயுள் மட்டும் குறைந்துபோயிருக்கும். அதனால் பாலிமர் மணிகளைச் சூட்டுப் பெட்டியில் காயவைத்து எடுப்பார்கள். பொடியையும் காயவைத்து இறுக்கமான டப்பாவில் அடைத்திருப்பார்கள். திறந்து, அள்ளி, அந்தக் கணமே மூட வேண்டும். அங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாவுக்காரி முதலில் சொல்லித்தருவது இதைத்தான்: "டப்பா திறந்திருக்குறப்போ ஒருத்தர்கிட்டயும் பேசாதீங்க. பேச ஆரம்பிச்சா மூட மறந்துடும்."

(இந்த இடத்தில் முதல் வரைவில் தரப் பிரிவு மேலாளர் ஒருவர் இருந்தார். பொறுமையான குரல், மேசையில் ஒரு குட்டிக் கள்ளிச் செடி. அவருக்கு இரண்டு பக்கம் கொடுத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அவர் இருந்தால் மாவுக்காரி நேரே ஓடிப்போய் அவரிடம் சொல்லிவிடுவாள், கதை அங்கேயே படுத்துவிடும். எனக்கு அவள் தனியாகப் பயப்பட வேண்டியிருந்தது. அவருடைய நாற்காலியும் கள்ளிச் செடியும் அப்படியே இருக்கின்றன. ஆள்தான் இல்லை.)

4

அன்றைக்கு அவளுக்குப் பெருமைதான்.

"இரும்புத் திருகுன்னா எடுக்குறதுக்கு இன்னொரு தடவ அறுக்க வேண்டி வரலாம் அண்ணி. இதுன்னா எலும்பு சேருற வரைக்கும் புடிச்சிக்கிட்டு நிக்கும். அப்புறம் தானா போயிடும்."

"வேலைய முடிச்சிட்டுச் சத்தமில்லாமப் போயிடுமா? உன் புருஷனுக்கு நேர் எதிர்."

"அக்கா, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றான் கட்டிலின் கால்மாட்டிலிருந்து தம்பி.

"அதத்தான்டா சொல்றேன். வேலையும் முடிக்கல, போகவும் இல்ல."

டாக்டர் சிரித்தார். அவர்களிடம் இருப்பில் இருந்தது அதே கம்பெனித் திருகுதான். அப்போதுதான் புதுச் சரக்கு வந்திருந்தது. உறையின் மேலிருந்த எண்ணைப் பார்த்தவுடனேயே மாவுக்காரிக்குத் தெரிந்துவிட்டது.

"இது நானே நின்னு கலந்தது அண்ணி. போன மழை சமயத்துல. புத்தம் புதுசு."

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். வெளியே மழைகூட இல்லை.

5

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நாத்தனார் தம்பி வீட்டிலேயே தங்கினார். எலும்பு கூடும்வரை அந்தக் காலில் எடையைப் போடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஊன்றுகோல் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். டொக், டொக். அந்தச் சத்தம் வந்தால் பின்னாலேயே ஒரு கிண்டலும் வரும் என்று வீட்டுக்குப் பழகிவிட்டது.

ஒரு மழைக் காலையில் மாவுக்காரி வேலை இடத்தில் பொடி டப்பாவைத் திறந்தாள். காய்ந்த பொடி கரண்டியிலிருந்து புகை மாதிரி வழிந்து விழும். அன்று விழவில்லை, ஒட்டிக்கொண்டது. முந்தின ஷிப்டில் யாரோ மூடியைச் சரியாகத் திருகவில்லை. ஈரக் காற்று புகுந்துவிட்டது. கரண்டியை டப்பாவின் விளிம்பில் தட்டினாள்.

டொக், டொக்.

கை அப்படியே நின்றுவிட்டது. இந்தக் கை இப்படித் தட்டுவது இது முதல் தடவை இல்லை.

நாத்தனார் காலில் இருக்கும் திருகுக்கு மாவு கலந்த அன்றைக்கும் மழை. முதல் பாதி மாவு இயந்திரத்துக்குள் போயாகிவிட்டது. இரண்டாம் பாதிக்குப் பொடி அள்ளும்போது போன் அடித்தது, நாத்தனார். போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரித் தட்டில் வைத்தாள். ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு யாரோ பஸ்ஸில் ஏறியிருக்கிறார். கண்டக்டர் அதில் தெரிந்த தன்னையே பயணி என்று நினைத்து, "யோவ், வழியில நிக்காத, உள்ள போ" என்று அதட்டியிருக்கிறார். "அவன் நகரவே இல்லையாம்டி! இவன் கைய ஓங்குனா அவனும் ஓங்குறானாம்!" மாவுக்காரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். டப்பா திறந்தே கிடந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சிரித்து முடித்து அள்ளியபோது பொடி கரண்டியில் ஒட்டியது. தட்டிவிட்டாள். டொக், டொக். சிரிப்பு வாயில் இருந்ததால் காது அதைக் கேட்கவில்லை.

பரிசோதனைக்கு வெட்டிக் கொடுத்த துண்டு முதல் பாதியிலிருந்து போனது. அது நன்றாகத்தான் இருந்தது.

இன்றைய ஈரப் பொடியை அவள் தூக்கிக் கொட்டிவிட்டாள். அன்றைய பொடியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.*

* நாத்தனாரின் அரட்டையே ஈரமாகி நாத்தனாரின் காலுக்குள் போனது என்பது எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் படுகிறது. போன் செய்தது வேறு யாரோ என்று மாற்றிப் பார்த்தேன். ஆனால் திறந்த டப்பாவை மறக்கும் அளவுக்கு அவளைச் சிரிக்க வைக்கக்கூடிய ஆள் இந்தக் கதையில் வேறு யாரும் இல்லை.

6

இப்போது அவளுடைய பயம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்குகிறேன்.

கணுக்காலுக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எலும்பு கூடிக்கொண்டிருக்கிறது, திருகு பலமிழந்துகொண்டிருக்கிறது. எலும்பு முந்திக்கொண்டால் எல்லாம் சுபம். திருகு முந்திக்கொண்டால், அரைகுறையாகக் கூடிய எலும்பு தனியாக நிற்க வேண்டியிருக்கும், அதுவும் அதன் மேல் ஒரு ஆளின் முழு எடையோடு.

எது முந்துகிறது என்று எட்டிப் பார்க்க வழியில்லை. எக்ஸ்ரேயில் இந்தத் திருகு மங்கலான நிழலாகத்தான் விழும். இறுகியிருக்கிறதா, நொய்ந்துபோனதா என்று நிழல் சொல்லாது. இன்னொன்றும் உண்டு. தடிமனான துண்டு வெளியிலிருந்து கரையாது, உள்ளிருந்து கரையும். மேற்பரப்பில் உண்டாகும் அமிலத்தை உடம்பு கழுவிக்கொண்டு போய்விடும். நடுவில் உண்டாகும் அமிலம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தேங்கி, மீதிச் சங்கிலிகளையும் சேர்த்து அறுக்கும். வெளியே வழவழவென்று முழுசாக இருக்கும் திருகு, நடுவில் கூழாக இருக்கலாம். (பொடி அந்த அமிலத்தைக் கொஞ்சம் முறிக்கும். கொஞ்சம்தான்.)

கம்பெனியில் ஒவ்வொரு கலவையின் இரு பாதியிலிருந்தும் சில துண்டுகளை உடம்புச் சூட்டில் உப்புநீருக்குள் போட்டு வைத்திருப்பார்கள். மாவுக்காரி அந்த மழை நாள் கலவையின் இரண்டாம் பாதித் துண்டைத் தேடி எடுத்து, துடைத்து, காயவைத்து, எடை போட்டாள். இம்மியும் குறையவில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்த முதுகு மறுபடி நிமிர்ந்தது. எடை கடைசியில்தான் குறையும். அறுந்த கண்ணிகள் அங்கேயேதான் கிடக்கும். பலம் போய் வெகுநாள் கழித்துத்தான் எடை போகும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். எடை குறையாததால் பயமில்லை என்று இன்னும் ஒரு நிமிஷம் நம்பியிருக்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

வீட்டில் நாத்தனார் தம்பியிடம் புகார் வாசித்தார்.

"இவ என் மூஞ்சியப் பாத்துப் பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமாடா? காலப் பாத்துத்தான் காபி குடுக்குறா."

"அக்கறைக்கா."

"அக்கறை வேற, சங்கதி வேற. எனக்குத் தெரியாதா? என்னடி, என் கால் உன்கிட்ட ஏதாவது சொல்லுதா?"

"வலிக்குதான்னு பாக்குறேன் அண்ணி."

"வலிக்கல. நீ பாக்குற பார்வையிலதான் வலிக்குது."

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். நானும் அவளைச் சொல்லவைத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? மறைக்காமல் சொல்கிறேன்: ஒவ்வொரு பத்தி இழுத்தடிக்கும்போதும் எலும்புக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது என்று நினைத்தேன். இந்த விளக்கம், அந்த அடிக்குறிப்பு எல்லாம் அதற்காகத்தான். பாதி எழுதிய பிறகுதான் உறைத்தது. அதே பத்தி திருகுக்கும் ஒரு நாள்தானே.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: ஈரம் எல்லாம் அவளுடைய பிரமை. எலும்பு கூடிவிட்டது, நாத்தனார் பஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், டாட்டா காட்டினார். படித்ததும் எனக்கு அவ்வளவு நிம்மதி. அதனாலேயே நம்பவில்லை, எடை பார்த்து நாற்காலியில் சாய்ந்தவளின் நிம்மதி அது.

இரண்டு: 'கூடத்தில் ஊன்றுகோலை வைத்துவிட்டு முதல் அடி எடுத்து வைத்தார். காய்ந்த குச்சி முறிவது போல ஒரு சின்னச்—'

முடியவில்லை.

மூன்று: டாக்டரிடம் சொல்கிறாள். அவர் காலைத் திறந்து பார்க்கிறார். திருகு நன்றாக இருந்தால்? கூடிவரும் எலும்பை வீணாகக் குலைத்தாயிற்று. திறக்காமல் விட்டால்? அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். இந்த முடிவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கத்தி இருந்தது. மடக்கி வைத்துவிட்டேன்.

நான் இப்படி மடக்கி மடக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, நாத்தனார் யாரையும் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

8

முழு எடையையும் போடலாம் என்று டாக்டர் சொன்ன வாரம் அது. காலையில் நாத்தனார் ஆட்டோ பிடித்து டிப்போவுக்குப் போய்விட்டார். "வீட்டுத் தரையில நடக்குறதெல்லாம் ஒரு நடையா? பிரேக்க மிதிச்சாத்தான் அது கால்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். மாவுக்காரி வேலைக்குப் போகிற வழியில் கேள்விப்பட்டு, பாதி வழியில் திரும்பி ஓடினாள்.

ஓரமாக நிறுத்தியிருந்த வண்டி. நாத்தனார் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஊன்றுகோல் இன்ஜின் மூடியின் மேல் சாய்ந்திருந்தது. வலது கால் பிரேக்குக்கு மேலே போய்விட்டது.

"அண்ணி, மிதிக்காதீங்க!"

"ஏன், வண்டி ஓடிடுமா? சாவிகூட இல்லடி."

மாவுக்காரி படியில் நின்றபடியே சொன்னாள். மழை, டப்பா, ஈரம், இரண்டாம் பாதி. நான் இத்தனை பக்கம் எடுத்துக்கொண்டதை அவள் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள்.

நாத்தனார் திரும்பவில்லை.

"அந்தக் கண்ணாடிக் கதை சொன்னேனே, அன்னிக்கா?"

"ஆமா அண்ணி."

"நல்லா சிரிச்சே அன்னிக்கு."

அவருடைய கால் பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் நின்றது. இந்த நாத்தனாரை நான் இதுவரை சிரிப்புக்காக மட்டுமே வைத்திருந்தேன். இவரும் பயப்படக்கூடியவர் என்று ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. எழுதாமலேயே அவர் பயந்தார். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு காலையே பார்த்தார்.

பிறகு கேட்டார்:

"அந்தப் பாதி மாவுல எத்தன திருகு ஆகும்?"

மாவுக்காரி விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

"எல்லாம் என் ஒரு கால்லயா இருக்கு?"

இதை நான் யோசிக்கவே இல்லை. முதல் பக்கத்திலிருந்து இந்த ஒரு கணுக்காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாவுக்காரியும் அப்படித்தான். நீங்கள்?

நாத்தனார் தலையைத் தூக்கி, உச்சியில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் காலி இருக்கைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

"நான் எப்ப பிரேக்க மிதிச்சாலும் எனக்காக மட்டும் மிதிச்சதில்லடி. போனப் போடு."

"யாருக்கு அண்ணி?"

"உங்க ஆபீஸ்ல இதுக்குன்னு ஒருத்தர் இருப்பாருல்ல? அவருக்கு."

"வேலை போயிடும் அண்ணி."

"போனா போகட்டும், மாவு பிசையத் தெரிஞ்சவளுக்கு வேற வேலை கிடைக்காதா? போடு. அந்தப் பக்கம் யாராவது எடுக்குற வரைக்கும் நான் கால இறக்கவும் மாட்டேன், எடுக்கவும் மாட்டேன்."

மாவுக்காரி தரப் பிரிவின் எண்ணைப் போட்டாள். அன்றைக்குப் போலவே ஸ்பீக்கரில் போட்டு, இன்ஜின் மூடியின் மேல் வைத்தாள்.

மணி அடிக்கிறது.

அந்த அறையை நான் காட்டிவிடுகிறேன். மேசை. மேசையில் குட்டிக் கள்ளிச் செடி. போன் அதிர்கிற அதிர்வில் அதன் தொட்டி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்கிறது. நாற்காலி காலி. அதில் இருந்தவரை எடுத்துவிட்டது நான்தான், கதை சீக்கிரம் முடிந்துவிடக்கூடாது என்பதற்காக. இப்போது திரும்ப எழுதி உட்காரவைக்கலாம் என்று பார்த்தால் முகமே நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

பஸ்ஸுக்குள் ஒரு கால் அந்தரத்தில் இருக்கிறது. வேறெங்கோ, எனக்குத் தெரியாத வீடுகளில், யார் யாரோ இன்று காலை ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு எழுந்து நிற்கப் பார்க்கிறார்கள்.

அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இப்போது இருப்பது நீங்கள் ஒருவர்தான். தண்ணீர் எப்படி அறுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எடையை ஏன் நம்பக்கூடாது என்று தெரியும். எந்த மழை, எந்தப் பாதி என்பதுவரை தெரியும். கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன.

இன்னும் அடிக்கிறது.

எடுங்கள்.